பதில் சொல்லாமல் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அம்மாவுக்கும், மரக்கடை முதலாளி அண்ணாச்சிக்கும், லாரி ஓட்டும் சேட்டனுக்கும், திருவனந்தபுரத்து டாக்டரம்மாவுக்கும், தெரபிஸ்ட் சேச்சிக்கும், மெடிக்கல் கடை பாய்க்கும், பெயர் தெரியாத இன்னும் ஒருவருக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொல்ல எனக்கு வராது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுதினால் முழுதாகச் சொல்லலாம். இதைப் பொதுவில் வைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நீங்கள் எனக்குச் செய்ததைத் தூர நின்று பார்த்தவர்கள் உங்களை ஏசியிருக்கிறார்கள். "பெத்த பிள்ளை கேக்கான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போவ?" என்று அம்மாவிடம் தெருவில் பாதிப்பேர் கேட்டாயிற்று. அம்மா பதில் சொல்லவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: செங்கோட்டைக்காரன். பிரானூரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிடுவதோடு சரி, அந்தச் சாலை நெடுக இருக்கும் மர அறுவை மில்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஓசிடியும் இருக்கிறது; வேண்டாத பயம் ஒன்று விடாமல் வந்து, அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற நோய் அது. இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்ததுதான் நீங்கள் எனக்குச் செய்த முதல் உதவி.

உருட்டுத் தடிக்குக் கணக்குப் போடுவது எப்படி என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். சுற்று 60 அங்குலம், நீளம் 12 அடி என்று வையுங்கள். அறுபதை நாலால் வகுத்தால் 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் 225. அதை நீளத்தால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 18.75 கன அடி. ஒரு லோடு முழுவதையும் இப்படிப் போட்டுச் சீட்டில் எழுதி முடித்த பிறகு, யாரும் கேட்காமலே மறுபடி முதல் தடியிலிருந்து மனசுக்குள் போடுவேன். வேறு எதற்காகவும் இல்லை, பிடித்திருக்கிறது. ரம்பச் சத்தத்தில் பிய்ந்து கிடக்கும் தலை அப்போதுதான் ஓர் ஒழுங்குக்கு வரும். இது என் ஆட்டிசத்தோடு சேர்ந்தது.

அதே சீட்டை, அதே எண்களை, வேறு விதமாகவும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 18.75 என்று எழுதியது 13.75 ஆகிவிட்டிருந்தால்? கேரள எல்லைப் பக்கம் புளியரைச் சோதனைச் சாவடியில் லாரியை ஓரங்கட்டி, சீட்டும் சரக்கும் ஒத்துவரவில்லை என்று சேட்டனைப் பிடித்து வைத்துக்கொண்டால்? அவர் பிள்ளைகள் என்னால் நடுத்தெருவில் நின்றால்? அப்படியெல்லாம் நடக்காது என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? சீட்டைத் திறப்பேன், சரியாக இருக்கும், மூடுவேன். மூடிய கை விலகுவதற்குள் "ஒழுங்காப் பாத்தியா?" என்று உள்ளே ஒன்று கேட்கும். மறுபடி திறப்பேன். இதில் பிடித்தம் என்று எதுவும் கிடையாது. இது ஓசிடி.

பக்கத்து மேசையிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு நேரத்திலும் தெரிவது ஒரே காட்சிதான்: ஒருத்தன் சீட்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குழப்பம் இன்று நேற்று வந்ததும் இல்லை. 1943இல் ஆட்டிசம் பற்றி எழுதிய லியோ கேனர் என்ற மனநல மருத்துவர், எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பைத்தான் அந்தக் குழந்தைகளின் பெரிய அடையாளங்களில் ஒன்றாகச் சொன்னார். அதனால் ஆட்டிசம் என்று ஒரு தடவை எழுதிவிட்டால், பிறகு எதைத் திரும்பச் செய்தாலும் அதன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் அப்படித்தான் சேர்த்தார். "இவன் சுபாவம் இது, விட்டுடுங்க" என்றார். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்கு ஓசிடியும் இருப்பதாக 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆறு பேரில் ஒருவர். விட்டுவிடுகிற கணக்கா இது?

டாக்டரம்மா, உங்களிடம் வந்தது ஆச்சி சொல்லித்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். ஆச்சிக்கு இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அது திருவனந்தபுரத்தில்தான் இருக்கும். தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு என்று வளைந்து வளைந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது நான் பேசுகிற நிலையில் இல்லை. "இதைச் செய்யும்போது உனக்கு எப்படி இருக்கும்?" என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குள் என்ன நடக்கிறது என்று பெயர் சொல்ல எனக்கு வராது. நீங்கள் அதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வியை மாற்றினீர்கள். "ஒருத்தர் வந்து, இந்த வேலையை இனி நீ செய்ய வேண்டாம், உனக்குப் பதிலா நான் செய்றேன்னு சொன்னா கொடுத்துடுவியா?"

கன அடிக் கணக்கைக் கொடுக்க மாட்டேன் என்றேன். சீட்டைத் திறந்து திறந்து பார்ப்பதை இப்போதே எடுத்துக்கொண்டு போகட்டும் என்றேன். நீங்கள் தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று எழுதிக் காட்டினீர்கள். அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

கூட வந்த மாமா, மாத்திரை போட்டால் இந்தத் தடிக் கணக்குப் பைத்தியமும் சேர்ந்து போய்விடுமா என்று ஆசையாகக் கேட்டார். போகாது, போகவும் வேண்டாம் என்று நீங்கள் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டிசத்தோடு வரும் திரும்பச் செய்தல்களுக்கு, ஓசிடிக்குத் தரும் இந்த வகை மாத்திரை ஒன்றை அமெரிக்காவில் 149 பிள்ளைகளிடம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள், மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட ஒன்றும் மேலாக இல்லை என்று விளக்கினீர்கள். ஓசிடிக்கு மாத்திரை உதவும், ஆனால் 12 வாரம்கூட ஆகலாம், அவசரப்படக் கூடாது என்றும், பக்கவிளைவு எனக்குக் கூடுதலாகத் தெரியலாம் என்பதால் மிகச் சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றலாம் என்றும் சொன்னீர்கள். நேரம், அளவு எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தீர்கள். வாயால் சொன்னதை என்னால் நம்ப முடியாது என்று எப்படித் தெரிந்ததோ.

மெடிக்கல் பாய், வேறு கம்பெனி மாத்திரையும் அதே மருந்துதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அட்டையின் நிறம் மாறினால் என்னால் விழுங்க முடிவதில்லை. எனக்காக அதே அட்டையைத் தென்காசியிலிருந்து வரவழைத்து வைக்கிறீர்கள். இதற்காக ஒரு நாள்கூட நீங்கள் சலித்துக்கொண்டதில்லை.

அப்புறம் தெரபிஸ்ட் சேச்சி. உங்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. பயத்தை வரவிடுவது, வந்ததும் வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்யாமல் இருப்பது, இவ்வளவுதான் முறை. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் இரண்டு நோயாளிகளிடம் செய்துபார்த்து 1966இல் எழுதியதிலிருந்து கிளைத்தது என்றீர்கள். சொல்ல எளிது. பயம் பத்துக்கு எத்தனை என்று நீங்கள் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயத்துக்கு எப்படி எண் போடுவது? அதை எந்த டேப்பால் அளப்பது?

அன்று நான் உங்களிடம் ரயிலைப் பற்றிப் பேசினேன். எங்கள் மலைப்பாதை 1904இல் திறந்தது, 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தியது, 2018இல் அகலப்பாதையாக மறுபடி திறந்தது, கழுதுருட்டிப் பக்கம் இருக்கும் பதிமூன்று கண் பாலம் என்று நிறுத்தாமல் சொல்லியிருப்பேன். வேறு யாராக இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். நீங்கள் தாளை எடுத்து ஸ்டேஷன்களை வரிசையாக எழுதினீர்கள். பயம் இல்லை என்றால் செங்கோட்டை. ஏறத் தொடங்கினால் பகவதிபுரம். தாங்க முடியவில்லை என்றால் மலைக் குகைக்குள் இருக்கிறோம். குகை தாண்டி ஆரியங்காவு வந்துவிட்டால் அதன் பிறகு புனலூர் வரை இறக்கம்தான். "இப்போ எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வந்தது. குகைக்குள் இருக்கும்போது வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் நீங்கள் போட்ட சட்டம்.

சீட்டை ஒரு முறை பார்த்து மூடிவிட வேண்டும் என்று தொடங்கினோம். அதற்கு அண்ணாச்சி வேண்டியிருந்தது. அண்ணாச்சி, அதுவரை நான் நீட்டிய சீட்டையெல்லாம் எத்தனை முறை கேட்டாலும் "சரியா இருக்குலே" என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிவந்தீர்கள். நல்ல மனசுதான். ஆனால் நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு முறை கேட்க வேண்டியிருந்தது. சேச்சி உங்களிடம் போனில் பேசிய பிறகு, ஒரே ஒரு கையெழுத்து, சீட்டு மேசை டிராயருக்குள், சாவி உங்கள் இடுப்பில் என்று மாற்றினீர்கள். நான் வாசலில் வந்து நின்றால் நீங்கள் தினத்தந்தியை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள். தலைகீழாகப் பிடித்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். என் மேசையை ரம்பத்துக்கு எட்டாத மூலைக்கு மாற்றிக் கொடுத்ததற்கும், கம்ப்யூட்டர் வந்த பிறகு "அவன் கைக்கணக்கை யாரும் தொடக் கூடாது" என்று கடைப் பையன்களிடம் சொன்னதற்கும் தனியாக ஒரு நன்றி.

சேட்டா, லாரி கிளம்பியதும் நான் உங்களை அழைக்கத் தொடங்குவேன். புளியரை தாண்டியாச்சா, நிறுத்தினார்களா, சீட்டைப் பார்த்தார்களா. வண்டி ஓட்டிக்கொண்டே பாவம் எத்தனை தடவை பதில் சொல்வீர்கள். பிறகு சேச்சியும் சேர்ந்து நாம் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். "நீ விளிச்சோ மோனே. ஞான் எடுக்கில்லா" என்றீர்கள். சொன்னபடி முதல் நாள் நீங்கள் எடுக்கவில்லை. ஆரியங்காவு டீக்கடை பெஞ்சில் போன் அதிர்ந்துகொண்டே இருந்ததாகவும், எடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் சாயா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், குடிக்காமலே ஆறிப்போனதாகவும் பிறகு சொன்னீர்கள். இந்தப் பக்கம் நானும் அதே நேரம் குகைக்குள்தான் இருந்தேன். அழைப்பதை நிறுத்தியபோது எனக்கு வியர்த்திருந்தது, ஆனால் ஆரியங்காவு வந்துவிட்டது.

அம்மா, உன்னை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். உன்னிடம்தான் அதிகம் கேட்டேன். "சரியா எழுதியிருப்பேன்லாம்மா?" சாப்பிடும்போது, நீ துணி காயப்போடும்போது, விளக்கை அணைத்த பிறகு. நீயும் "எழுதியிருப்ப ராசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி என்று சேச்சி சொன்னபோது நீ அழுதது எனக்குத் தெரியும். திடீரென்று நிறுத்தினால் என்னால் தாங்க முடியாது என்பதால், முன்கூட்டியே மூன்று பேரும் பேசி ஒரு அட்டையில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினோம்: "இது ஓசிடி கேள்வி. பதில் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பேன்." என் ஒப்புதலோடு எழுதியது அது. தெருக்காரர்களுக்கு இது தெரியாது.

அன்று நீ திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். நான் கேட்டேன். நீ அடுக்களைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாய். மறுபடி கேட்டேன். இலை எல்லாம் உதிர்ந்து முடிந்த வெறும் ஈர்க்கை உன் விரல் மேலிருந்து கீழாக உருவிக்கொண்டே இருந்தது. எழுந்தும் போகவில்லை, கோபப்படவும் இல்லை. எதிர்வீட்டு மதினி வந்து உன்னைச் சத்தம் போட்டதும் அப்போதுதான். பதில் சொல்வது உனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

14416 என்ற மனநல உதவி எண்ணில் ஓர் இரவு என்னோடு பேசியவருக்கும் நன்றி. எல்லாரும் தூங்கிய பிறகு அழைத்தேன். "ஒண்ணும் ஆகாது" என்று நீங்களும் சொல்லவில்லை. நான் சீராக மூச்சு விடும் வரை இணைப்பில் இருந்தீர்கள். நீங்கள் யார் என்று தெரியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சாரல் காலத்தில் தடியில் சாக்பீஸால் போட்ட எண் மழையில் கரைந்துபோகும், அப்போது எனக்கு ஓசிடி கூடும். இந்த ஆனி ஆடியிலும் கூடியது. டிராயர் சாவியைக் கேட்டு அண்ணாச்சி வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். மாத்திரை தொடர்கிறது, சேச்சியோடு போனில் பேசுவதும் தொடர்கிறது.

சேட்டா, ஆவணியில் குளத்துப்புழையில் உங்கள் மகள் கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் வருகிறோம். முகூர்த்தம் பார்ப்பேன். செண்டைமேளத்துக்குக் காதடைப்பான் கொண்டுவருவேன், உங்கள் சம்பந்தி வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்திக் கூட்டம் எனக்கு ஆகாது, சமையல்காரர்கள் பக்கம் ஓரமாக ஓர் இலை போட்டால் போதும். பாலடைப் பிரதமனை மட்டும் இலையில் ஊற்றாமல் தனி கிளாஸில் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிரானூர் மரக்கடைக் கணக்கன்