ஒரு மோட்டார் வயருக்கு 34 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறைக்குப் பதில் சமூக சேவை என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவந்த புதுமை என்கிற தோரணையில் எழுதியிருந்தீர்கள். நான் 27 வருடமாக வக்கீல் குமாஸ்தா, கோர்ட் வராண்டாவிலேயே தலை நரைத்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன், தப்புச் செய்தவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துத் திருத்தும் ஏற்பாடு நமக்குப் புதிதே கிடையாது. சென்னை மாகாணம் 1936லேயே நன்னடத்தைச் சட்டம் போட்டுவிட்டது. நாடு முழுக்க 1958ல் வந்தது. இவ்வளவு வருடமாக அதைக் கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் எங்கள் சீனியரிடம் ஒரு திருட்டுக் கேஸ் வந்தது. பையனுக்கு 26 வயது, லாரியில் லோடு ஏற்றுகிறவன், அதற்கு முன்னால் ஒரு பெட்டி கேஸ்கூட அவன் பேரில் இல்லை. ஒரு விவசாயியின் போர்வெல் மோட்டார் வயரை அறுத்து, எரித்துச் செம்பாக்கி விற்க எடுத்துப் போகும்போது மாட்டிக்கொண்டான். காயலான் கடையில் போட்டால் 1,500 ரூபாய் தேறுமா என்பதே சந்தேகம். ஆனால் எஃப்.ஐ.ஆரில் புது வயர் விலையைக் கணக்குப் பண்ணி 5,500 என்று எழுதிவிட்டார்கள். அந்த மேல் 500 ரூபாயில்தான் எல்லாமே இருக்கிறது சார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303வது பிரிவில், திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை தண்டனை பெறுகிறவனாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. 5,000ஐத் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும், ஜாமீனும் தானாகக் கிடைக்கிற கேஸ் இல்லை. இன்றைக்கு ஒரு சுமாரான செல்போன் என்ன விலை என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். திருட்டு என்று எங்களிடம் வருவதில் பாதி செல்போன்தான், அப்படியிருக்க 5,000 ரூபாய் வரம்பு யாருக்கு உதவும்?

சரி, ரிமாண்ட் ஆகி கிளைச் சிறைக்குப் போனான். 11வது நாள் ஜாமீன் உத்தரவு கிடைத்தது, இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று. சொந்த வீட்டு வரி ரசீதோடு ஒருத்தர் வர வேண்டும், அவன் தெருவே புறம்போக்கில் இருக்கிறது, ரசீதுக்கு எங்கே போவான்? சொந்தக்காரர்களுக்கு கோர்ட் படி ஏறவே பயம். வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிற ஆட்கள் இருப்பது ஊருக்கே தெரியும், அவர்களுக்குக் கொடுக்கவும் அவன் பொண்டாட்டியிடம் காசில்லை. இப்படி 23 நாள், உத்தரவு கையில் இருக்க, ஆள் உள்ளே. 1978லேயே மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், ஒரு ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளியதையும் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார். நான் வேலைக்குச் சேர்வதற்கு ரொம்ப முன்னால் வந்த தீர்ப்பு அது. எங்கள் வராண்டாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

34வது நாள் எப்படியோ வெளியே வந்தான். அப்புறம் வாய்தா மேல் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. கடைசியில் எல்லாரும் சொல்வதையே நாங்களும் சொன்னோம், குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடு, இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள் என்று. அப்படியே ஆயிற்று, கேஸ் முடிந்தது, சீனியர் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார். ஆறு மாதம் கழித்துப் பையன் வந்து நிற்கிறான், செக்யூரிட்டி வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பில் தண்டனை என்று வந்துவிட்டதாம். "அண்ணே, அன்னைக்கு வேற வழி இருந்துச்சா?" என்று கேட்டான். இருந்தது. 1958 நன்னடத்தைச் சட்டத்தின் 4வது பிரிவில், ஒழுங்காக இருப்பேன் என்று மூன்று வருடத்துக்கு மேல் போகாமல் ஒரு பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு, நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் விட்டிருக்கலாம். 5வது பிரிவில் அந்த விவசாயிக்கு வயர் நஷ்டத்தையும் இவனிடமே வாங்கிக் கொடுத்திருக்கலாம். 12வது பிரிவின்படி, அப்படி விடப்பட்டவனுக்கு தண்டனையால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு ஒட்டாது. நன்னடத்தையில் விடக்கூடிய கேஸில் விடாவிட்டால் ஏன் விடவில்லை என்று தீர்ப்பில் காரணம் எழுத வேண்டும் என்றுகூடச் சட்டம் இருக்கிறது. நாங்கள் மனுவே போடவில்லை, ஏற்கனவே 34 நாள் இருந்துவிட்டானே, இனி எதற்கு என்று.

விவசாயியையும் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு நாள் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை, கோபம் நியாயம்தான். வராண்டாவில் என்னிடம், "அவன உள்ள போட்டு எனக்கு என்ன ஆகப்போவுது, வயருக்குக் காசு குடுத்தா போதும்" என்றார். யாரும் கொடுக்கவில்லை. அறுத்த வயர்கூட வழக்குச் சொத்தாகக் கோர்ட்டில் கிடந்தது.

உங்கள் செய்தியில் இன்னொன்று விட்டுப்போயிருக்கிறது. சமூக சேவை என்பது தீர்ப்புக்கு அப்புறம் வருவது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை, அவர்களுக்கு எந்த சமூக சேவையைக் கொடுப்பது? அவர்களை வெளியே வைப்பது ஜாமீன் ஒன்றுதான். ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்குப் பணம் கொடுக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 2023 முதல் இருக்கிறது, தொடங்கியபோது 40,000 ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள், எங்கள் பக்கம் அதைக் கேட்டு மனுப் போட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

சமூக சேவை வைத்த குற்றங்களே மொத்தம் ஆறுதான். அவதூறு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா, அரசு ஊழியர் வியாபாரம் செய்வது என்று போகிறது பட்டியல். இதில் எத்தனை பேர் எப்படியும் ஜெயிலுக்குப் போயிருப்பார்கள்? அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவனைப் பிடித்து ஆஸ்பத்திரி கூட்டச் சொன்னால் சிறையில் ஒரு ஆள்கூடக் குறையாது, கூலிக்காரனுக்கு நாள் சம்பளம் போவதுதான் மிச்சம். எத்தனை மணி நேரம், யார் பார்த்துக்கொள்வது என்பதற்கும் பிரிவில் பதில் இல்லை, கோர்ட் சொல்கிற, சமுதாயத்துக்குப் பயன்படுகிற, சம்பளமில்லாத வேலை என்று மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை கொடுங்கள், அரசு ஆஸ்பத்திரியிலோ நூலகத்திலோ கொடுங்கள், கையெழுத்துப் போட ஒரு ரெஜிஸ்டரும் ஒரு பொறுப்பான ஆளும் இருக்கட்டும். தயவுசெய்து ரோட்டில் அட்டையைப் பிடித்து நிற்க வைக்காதீர்கள். 2022ல் பைக் சாகசம் செய்த இளைஞர் ஒருவரை, ஜாமீன் நிபந்தனையாகத் தேனாம்பேட்டை சிக்னலில் துண்டுப் பிரசுரம் கொடுக்கவும் அரசு பொது மருத்துவமனையில் வேலை செய்யவும் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. விபத்தில் அடிபட்டவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தது நல்லது. சிக்னல்? அவர் ஏற்கனவே வீடியோ போடுகிறவர், கேமரா பழக்கம். எங்கள் லோடு பையன் அப்படி நின்று ஊர்க்காரர் ஒருத்தர் படம் எடுத்துப் போட்டால், அவன் ஜெயிலே பரவாயில்லை என்பான்.

உங்கள் நிருபருக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் மாவட்டக் கோர்ட்டுகளிலிருந்து போன ஒரு வருடத்தில், ஆளை நன்னடத்தையில் விடலாமா என்று நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்டு எத்தனை கேஸ் போயிற்று என்று ஆர்.டி.ஐ. போடச் சொல்லுங்கள். பதில் வந்ததும் சமூக சேவைச் செய்தியைப் போட்ட அதே இடத்தில் அந்த எண்ணையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
தஞ்சாவூர் மாவட்டம்