மச்சான் பலமா, சுமையா?

ஆசிரியருக்கு,

குடும்பத் தொழில் நொடித்தால் உடனே 'வாரிசு சரியில்லை' என்று சொல்லிவிடுகிறோம். அவரைச் சுற்றியிருக்கும் சட்டம், நீதிமன்றம், வங்கி பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வராக் கடனுக்கு வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றால், கல்லாவில் மச்சானைத்தானே உட்கார வைக்க முடியும்? வங்கி கைவிரித்தால் சித்தப்பா பணம்தான் மூலதனம். அங்கே உறவு பலம். சீக்கிரம் தீர்ப்பு கிடைக்கும் நாட்டில் வெளியாளை நம்பி நிர்வாகத்தைக் கொடுக்கலாம். திறமையில்லாத மச்சான் அப்போது சுமை. இத்தனைக்கும் ஆள் ஒருவரேதான்!

வரியும் தத்தெடுப்புச் சட்டமும் அப்படித்தான். ஜெர்மனியில் தொழிலை வாரிசாகப் பெறுபவர் 5 ஆண்டுகள் அதை விற்காமல், மொத்தச் சம்பளச் செலவையும் பெரிதாகக் குறைக்காமல் நடத்தினால், வாரிசுரிமை வரியில் தொழிலின் மதிப்பில் 85 சதவீதத்துக்கு விலக்கு பெற முடியும். மிகப் பெரிய சொத்துகளுக்கு விதி வேறு. அதில் சர்ச்சையும் உண்டு. ஜப்பானில் மருமகனைத் தத்தெடுத்துத் தொழிலை ஒப்படைக்கலாம். சுசூகி கார் நிறுவனத்தைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஒசாமு சுசூகி அப்படிக் குடும்பத்துக்குள் வந்தவர்தான்.

அடுத்த முறை தொழில் வாரிசுகளின் பேட்டியைப் போடும்போது, அவர்கள் ஊரில் ஒரு சிவில் வழக்கு முடிய எவ்வளவு காலமாகிறது என்றும் கேட்டுப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்