தெருவேல் மலையூர்க்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஸ்பெயினின் தெருவேல் மாகாணத்து மலையூர் மக்களுக்கு வணக்கம்.

மடல் தமிழில் இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். வலென்சியாவில் படிக்கும் என் நண்பரின் மகள் இதை உங்கள் மொழியில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதை அச்செடுத்து, நானும் என் அக்கா மகனும் தங்கிய, சாப்பிட்ட, தண்ணீர் பிடித்த ஊர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பப் போகிறோம். தமிழில் எழுதுவது நம்மவர்களுக்காக. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இப்போது நம்மிடையே நிறைய. ஸ்பெயின் என்றால் அவர்களுக்கு பார்சிலோனாவும் கடற்கரையும்தான். என்றைக்காவது உங்கள் பக்கம் திரும்பினால், யாரை நம்பி வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

முதல் நன்றி எங்களை மேலே ஏற்றிவிட்ட பாதைக்கு. ஓஹோஸ் நேக்ரோஸ் சுரங்கத்து இரும்புத் தாதுவைக் கடலோரம் சகுந்தோவுக்குக் கொண்டுபோக 1907-இல் ஓடத் தொடங்கிய ரயில், 1972-இல் நின்றுபோனது. தண்டவாளம் போன இடத்தைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஸ்பெயினின் பசுமைப் பாதைகளிலேயே நீளமானது. சரக்கு ரயிலுக்குச் செங்குத்து ஆகாது என்பதால் மலையைச் சுற்றிச் சுற்றி, குடைந்து, பாலம் கட்டி மெல்ல ஏற்றியிருக்கிறார்கள். கடல் மட்டத்தில் தொடங்கி ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டோம் என்பதை முழங்கால் சொல்லவில்லை, காதில் அடித்த குளிர்காற்றுதான் சொன்னது.

ஹேரிகா தாண்டி நாயுடன் நடந்துவந்த வயதான தம்பதிக்குத் தனி நன்றி. நாங்கள் கேட்கவே இல்லை. அந்த அம்மா எங்கள் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தார், கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கைத்துண்டை எடுத்து, தெருவேல் வரை எந்தெந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் வரும் குழாய் இருக்கிறது, அது கோயிலுக்குப் பக்கத்திலா, துணி துவைக்கும் பழைய தொட்டிக்குப் பக்கத்திலா என்று வரைந்தே கொடுத்துவிட்டார். எங்கள் கைபேசி வரைபடத்தில் இல்லாத இரண்டு குழாய்கள் அதில் இருந்தன.

தெருவேல் நகரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. செங்கல்லும் பச்சை வெள்ளை ஓடுகளுமாக நிற்கும், இஸ்லாமியக் கலைப்பாணி கலந்த முதேஹர் கோபுரங்களை 1986-இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. படம் பிடிக்க ஆளுக்குக் குறைவில்லை. கோபுரத்துக்கு அடியில் தெருவே நுழைந்து போகிறது, நாங்களும் சைக்கிளோடு நுழைந்து போனோம். சரி, மலைக்கு வருவோம்.

பதினான்காயிரத்து எண்ணூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாகாணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல்தான் ஆட்கள். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். அதிலும் பலர் மாகாணத் தலைநகரான தெருவேலிலும் சமவெளிப் பக்கமும் இருக்கிறார்கள். மலையில் மணிக்கணக்கில் மிதித்தாலும் எதிரே ஒரு கார் வராது. இளைஞர்கள் சரகோசாவுக்கும் வலென்சியாவுக்கும் போய்விட்டார்கள். ரயில், சாலை, மருத்துவம் எல்லாவற்றிலும் மாகாணத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று 1999-இல் இங்கே மக்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ‘தெருவேல் இருக்கிறது’ என்பதுதான் இயக்கத்தின் பெயர். 2019 நவம்பர் தேர்தலில் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு ஒருவரை அனுப்பியும் விட்டார்கள். நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லவே இயக்கம் நடத்த வேண்டிவந்த ஊர்க்காரர்கள், வழிப்போக்கர்களுக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஐம்பது அறுபது பேர் இருக்கும் ஊரில் கடை நடத்தினால் கட்டுப்படியாகாது என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஊராட்சியே இடம் கொடுத்து, மளிகை, காபி, சாப்பாடு, சில ஊர்களில் தங்கும் அறை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்த ஒரு குடும்பத்தை அமர்த்தியிருக்கிறார்கள். தெருவேல் மாகாணத்தில் இப்படிப் பல கடைகள். அங்கே பார் என்றால் நம்மூர் பார் அல்ல. காலையில் காபி, பத்து மணிக்கு ரொட்டி, மாலையில் தாத்தாக்களின் சீட்டாட்டம், யாருக்காவது வந்த பார்சல், எல்லாம் அங்கேதான். ஒரு ஊரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. அந்த நேரத்தில் ஸ்பெயினில் அடுப்பு அணைந்திருக்கும். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. கடைக்கார அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் உப்புப் பூத்திருந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் உருளைக்கிழங்கு நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில் என் மருமகனின் சைவத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பன்றித்தொடைக்குப் பேர்போன மாகாணத்துக்குச் சைவக்காரனைக் கூட்டிப்போனவன் நான். 1984-இல் ஸ்பெயினில் முதன்முதலாகப் புவிசார் அங்கீகாரம் வாங்கிய தொடையிறைச்சி தெருவேலுடையது. கடைக்குக் கடை கூரையிலிருந்து தொங்கும். இறைச்சி வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொண்டான். வந்த சாலட்டில் சூரை மீன் இருந்தது. மீனும் வேண்டாம் என்று பழகினான். அடுத்த ஊரில் அவரைக் குழம்புக்குள் சின்னச் சின்னதாகத் தொடையிறைச்சித் துண்டுகள். “அது இறைச்சி இல்லையே, ருசிக்குப் போடுவது” என்றார் சமையற்கார அம்மா, உண்மையான வியப்போடு. கடைசியில் முட்டைக்கு இறங்கிவந்தான். அவனுக்காக உருளைக்கிழங்கு ஆம்லெட் போட்டுத்தந்த அத்தனை பேருக்கும் அவனுடைய அம்மா சார்பில் நன்றி. முட்டை விஷயம் மட்டும் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்புறம் அந்தப் பெரியவர். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அவருக்கு அது பிடிக்காது. ஃப்ரியாஸுக்குப் போகும் வழியில் ஒரு இறக்கத்தில் என் பின் கேரியரைப் பிடித்திருந்த போல்ட் தலை தெறித்து, தண்டு மட்டும் ஃபிரேமின் ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. இருபது கிலோ மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து சக்கரத்தை உரசுகிறது. தள்ளிக்கொண்டே ஊருக்குள் போனோம். டிராக்டர் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார், திரும்பி உள்ளே போனார், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். டப்பா முழுக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளாம்ப்கள். இரண்டைப் பொறுக்கினார். எங்களிடமிருந்த ஓட்டை டியூபை வாங்கி இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பெயிண்ட் போகாமல் இருக்க ஃபிரேமின் மேல் சுற்றினார். அதற்கு மேல் கேரியர் காலைச் சேர்த்துவைத்து, கிளாம்பைப் போட்டுத் திருப்புளியால் இறுக்கினார். அதோடு முடிந்தது என்று நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன், மனிதர் விடவில்லை. நீட்டிக்கொண்டிருந்த தகட்டு வாலைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, அரம் எடுத்து முனையைத் தேய்த்தார். ஏன் என்று புரியாமல் விழித்தேன். என் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டி, கீறும் என்று சைகை செய்தார்.

காசு வாங்கவில்லை. மருமகனின் கைபேசி மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். சிறுவயதில், குளிர் தொடங்கும் முன் ஊர் ஆண்களோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே சியெர்ரா மொரேனா மலைத்தொடர் வரை வாரக்கணக்கில் நடந்திருக்கிறார். அந்த மந்தைப் பாதைகளுக்கு இன்றைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பெரியவை 75 மீட்டர் அகலம் வரை. குவாதலவியார் ஊரில் இந்த ஆட்டுப் பயணத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் செய்வது அவருக்குப் பெரிய சாகசமாகத் தெரியவில்லை. “உங்களுக்குச் சக்கரம் இருக்கிறது” என்றார்.

அல்பர்ராசினில் வீட்டின் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்ட அம்மாவுக்கு நன்றி. முன்பு கோவேறு கழுதை கட்டிய இடமாம், எங்கள் சைக்கிள்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த ஊரில் சைக்கிள் ஓட்டுவது வீண் வேலை. கல் பாவிய ஏற்றத் தெருக்கள், மேலே போகப் போகத் துருத்திக்கொண்டு வரும் மாடிகள், எதிரெதிர் வீட்டுக் கூரைகளுக்கு நடுவே ஒரு கீற்று வானம். இளஞ்சிவப்புச் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பதில்லை. இரும்புச் சத்து கலந்த உள்ளூர் ஜிப்சம் பூச்சின் நிறமே அதுதான். 1961-இலேயே ஊரை முழுதாகத் தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள் என்றாலும், அறிவிப்பா சுவரைக் காப்பாற்றும்? பழைய முறையில் பூசத் தெரிந்த கொத்தனார்கள் காப்பாற்றுகிறார்கள். சாரத்தின் மேல் நின்றபடியே, ஈரப் பூச்சைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கரண்டியை எங்கள் பக்கம் நீட்டியவருக்கு வணக்கம்.

ஒரிஹுவேலா தெல் த்ரெமெதால் ஏற்றத்தில் எங்கள் பின்னால் வந்த மரலாரி ஓட்டுநருக்கும் கடன்பட்டிருக்கிறோம். சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டராவது இடம் விட வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம். சட்டம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. வளைவுக்கு வளைவு, நடக்கிற வேகத்தில், ஒரு ஹார்ன்கூட அடிக்காமல் பின்னாலேயே வந்தார். நாங்கள்தான் வெட்கப்பட்டு ஓரங்கட்டினோம். கையை உயர்த்திவிட்டுப் போனார்.

கிரியேகோஸ் என்ற ஊர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பர் கடைசி என்று சாதாரணமாக நினைத்துப் போனோம். இதே மாகாணத்துக் கலமோச்சாவில் 1963 டிசம்பரில் மைனஸ் 30 டிகிரி பதிவானது என்று, எங்களுக்கு மூன்றாவது கம்பளியைக் கொண்டுவந்து போட்டபடியே விடுதிக்கார அக்கா சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, பயமுறுத்தச் சொன்னாரா தெரியாது. நள்ளிரவில் காட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல். “மாமா, புலியா?” என்றான் மருமகன். காலையில் வனக்காவலர் விளக்கினார்: அது செம்மான்களின் இணைசேரும் பருவம், ஆண்மான்கள் போடும் சத்தம். அவரே எங்களைச் சாலையோரம் ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போய்த் தொலைநோக்கியைக் கொடுத்தார். கொம்பை முதுகில் சாய்த்து, கழுத்தை நீட்டி, வாயிலிருந்து ஆவி பறக்க அது கத்தியதைப் பார்த்தபின் மருமகன் அரை மணி நேரம் பேசவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

தாஹோ ஆறு பிறக்கும் இடத்தையும் பார்த்தோம். லிஸ்பன் வரை ஆயிரம் கிலோமீட்டர் ஓடப்போகிற ஆறு அங்கே வறண்டு கிடந்தது. பக்கத்தில் பெரிய சிற்பம், வெயில். அங்கே யாரும் எங்களுக்கு உதவவில்லை, யாரும் இருக்கவும் இல்லை.

கடைசியாக ஒன்று. மருமகன் கிரியேகோஸில் விட்டுவிட்டு வந்த மழைச்சட்டை துவைத்து மடித்து வலென்சியா முகவரிக்கு வந்து சேர்ந்தது. விடுதிக்கார அக்கா, தபால் செலவு எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டும் நீங்கள் சொல்லவில்லை. உங்கள் கடையில் சீட்டாடும் பெரியவர்களுக்கு ஒரு மாலைக் காபி எங்கள் கணக்கில் ஊற்றிக் கொடுங்கள். வலென்சியாவிலிருந்து பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். இந்த முறை திருப்பி அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
மாமாவும் மருமகனும்