ஆண்டவர் இன்றும் பேசுகிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் ஒருவர், கடவுள் வேதாகமத்தோடு பேசி முடித்துவிட்டார், இன்றைக்கு "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று சொல்பவர்கள் எல்லாம் ஊரை ஏமாற்றுகிறவர்கள் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி எழுப்பி, இந்த மாதம் உனக்கு வீடு வரும், விசா வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே காணிக்கைக் கவரை நீட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது. ஆனால் அந்த வேகத்தில் சாதாரண விசுவாசிகளின் அன்றாட அனுபவத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டார், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேதத்தோடு புதிதாக ஒரு வரியையும் யாரும் சேர்க்க முடியாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குமாரனாகிய இயேசுவின் மூலமாய் தேவன் பேசிவிட்டார் என்று புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் தொடக்கத்திலேயே சொல்கிறது, கத்தோலிக்கத் திருச்சபையும் 1965-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் இதையே உறுதிப்படுத்தியது. சரி, சொல்லி முடித்ததெல்லாம் நமக்குப் புரிந்துவிட்டதா? எம்மாவு என்ற கிராமத்துக்கு நடந்துபோன இரண்டு சீஷர்களோடு உயிர்த்தெழுந்த இயேசுவே வழி நெடுகப் பேசிக்கொண்டு போனார், வேதவாக்கியங்களை அவரே விளக்கினார், அப்போதும் அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை, சாயங்காலம் பந்தியில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது. எனக்குத் தெரிந்தவரை இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

வேலூர் மருத்துவமனையை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், மிஷனெரி குடும்பத்தில் பிறந்தும் தான் மிஷனெரி ஆவதில்லை என்று முடிவு செய்திருந்தவர். தாயாரின் உடல்நலம் சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், அப்புறம் இன்னொரு இந்து என மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி கேட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது, டாக்டரான அவர் அப்பாவையோ, ஆண் என்பதால் அவர்கள் அனுமதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதில்தான் ஐடா தனக்கான அழைப்பைக் கேட்டார். வானம் திறக்கவில்லை, தூதன் வரவில்லை, அந்த மூன்று பேரும் கிறிஸ்தவர்கள்கூட இல்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது. அந்த இரவில் அவருக்கு இதெல்லாம் காட்டப்பட்டிருக்க வாய்ப்பில்லை, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது, அதைச் செய்தபோது அதற்கடுத்தது தெரிந்தது.

எங்கள் ஊர்ச் சபையிலும் ஒன்று நடந்தது. சொத்துத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி. ஒரு திருவிருந்து ஞாயிறு, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்ற வசனம் வாசிக்கப்பட்டது. சிறுவயது முதல் அவர்கள் எத்தனையோ முறை கேட்ட வசனம்தான். அன்றைக்கு அண்ணன் பாதி ஆராதனையில் எழுந்து தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வசனம் பழையதுதான், ஆனால் அந்த நாளில் அந்த மனிதருக்கு அது சொல்லப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் எது ஆண்டவர் சத்தம், எது நம் ஆசை? அப்போஸ்தலன் பவுல் தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணவேண்டாம் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் எழுதினார். எலியா தீர்க்கதரிசிக்குப் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கிடைக்காத ஆண்டவர் வார்த்தை, அமர்ந்த மெல்லிய சத்தத்தில் கிடைத்தது என்று எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள், அந்தச் சத்தம் என்ன சொன்னது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரும்பிப் போ என்றது, செய்யவேண்டிய வேலைகளைக் கொடுத்தது. உனக்கு இது வரும், அது வரும் என்று மட்டுமே சொல்லி, உன்னிடம் எதையுமே கேட்காத வார்த்தையை நான் நம்புவதில்லை, அதைச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் சரி.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 31 இரவு, புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுங்கள், எங்கள் வீட்டிலும் அதைச் சுவரில் ஒட்டி வைக்கிறோம். ஆனால் வாராவாரம் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் கொஞ்ச நேரத்தை ஜனங்களுக்கு விட்டுக்கொடுங்கள். இந்த வாரம் வேதம் வாசித்தபோது என்ன உறுத்தியது, அதற்காக யாரிடம் போனேன், என்ன செய்தேன் என்று அவர்களே எழுந்து சொல்லட்டும். கடிதம் எழுதிய அந்த வாசகர் விரும்பினால் அவரும் வந்து உட்கார்ந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், பாளையங்கோட்டை