தைத்து முடித்த போர்வைகள் யாருக்கு? 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் தையல் சங்கத்தில் நடந்தவற்றை எழுதியிருக்கிறேன். இப்போது குன்னூரில் நாம் 23 பேர். மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம் கூடினோம், அக்டோபர், நவம்பர் மழையில் மூன்று கூட்டம் மட்டும் நடக்கவில்லை. புதிதாக நாலு பேர் சேர்ந்தார்கள், இரண்டு பேர் கோவைக்குக் குடிபோய்விட்டார்கள். சந்தா பாக்கி யாருக்கும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி இந்த வருஷம் நம்மைப் போட்டு உலுக்கியது ஒரே ஒரு விஷயம்தான், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து முடித்த ஒட்டுப்போர்வைகளை என்ன செய்வது என்பது. அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, புதுப் போர்வை ஒன்றை வைக்க இடம் பார்த்துப் பீரோவைத் திறந்தோம். அடித்தட்டில் இருந்ததை இழுக்கும்போதே பூஞ்சை வாடை அடித்தது. விரித்துப் பார்த்தால் வெள்ளைச் சதுரங்களில் மிளகுப்பொடி தூவினது போலக் கறுப்புப் புள்ளிகள். மூன்று வருஷம் ஒரே மடிப்பில் கிடந்ததில் மடித்த இடமெல்லாம் மஞ்சள் படிந்து, விரலால் லேசாகத் தேய்த்தாலே இழை விட்டுப்போனது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்தது நாம்தான். பருத்திக்குக் காற்று வேண்டும், நம் ஊர் ஈரத்துக்குப் பையில் அடைத்தால் உள்ளுக்குள்ளேயே வேர்த்துவிடும் என்பது தெரியாதவர்களா நாம்? அதைத் தைத்த அக்கா ஒன்றும் பேசவில்லை. நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டை மட்டும் தடவிக்கொண்டே இருந்தார், அது அவர் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன பாவாடையில் வெட்டியது.

அன்றைக்கே தையலை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கெடுத்தோம். வருஷத் தொடக்கத்தில் 31 போர்வை கையிருப்பில் இருந்திருக்கிறது, வருஷம் முடிவதற்குள் இன்னும் 22 சேர்ந்தது, ஆக 53. தைக்கும்போது இருக்கிற ஆசை, தைத்து முடித்ததும் அதை எங்கே கொடுப்பது என்ற கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. வீட்டில் ஏற்கெனவே மூன்று நாலு இருக்கிறது, பிள்ளைகள் வெளியூரில், அப்புறம் பீரோதான் கதி.

முதலில் விற்கலாம் என்றோம். கண்காட்சியில் கடை போட்டதில் பெரியது மூன்று, தலா 3,500 ரூபாய்க்கும், சின்னது மூன்று, தலா 900 ரூபாய்க்கும் போயின. மொத்தம் 13,200. அதில் நூற்றுக்கு எழுபது தைத்தவருக்கு, முப்பது சங்கத்துக்கு. ஒரு பெரிய போர்வைக்கு அடித்துணி, பஞ்சு, நூல் என்று 1,100 ரூபாய் செலவாகிறது, கைத்தையல் எழுபது மணி நேரத்துக்குக் குறையாது, ஆனால் வந்தவர்களில் நிறையப் பேர் சென்னிமலைப் போர்வையின் விலையை நினைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். அது தறியில் நெய்தது, இது கையால் ஓட்டுத்தையல் போட்டது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. விலையைக் குறைத்தால் எல்லாம் போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 800 ரூபாய்க்குக் கொடுப்பதைவிடச் சும்மா கொடுக்கலாம், வாங்குகிறவர் அதன் மதிப்பையாவது தப்பாக நினைக்க மாட்டார்.

சும்மா கொடுத்ததிலும் தவறு செய்தோம். ஒரு முதியோர் இல்லத்துக்குப் பத்துப் போர்வை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்துவிட்டோம். இரண்டு மாதத்தில் மூன்று கிழிந்து திரும்பி வந்தன. அங்கே எல்லாத் துணியையும் ஒன்றாகப் பெரிய மெஷினில் சுடுதண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத்தான் துவைக்கிறார்கள், அத்தனை பேர் படுக்கைக்கு வேறு வழியும் கிடையாது. பட்டுக் கரைத் துண்டெல்லாம் வைத்துத் தைத்ததை அங்கே கொடுத்தது நம் பிழை. கொடுப்பதற்கு முன்னால் எப்படித் துவைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டைத் தைத்துத் திருப்பிக் கொடுத்தோம், மூன்றாவது தேறவில்லை, வெட்டி உட்காரும் விரிப்பாக்கினோம்.

அதனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் போகும்போது போர்வை எதையும் எடுத்துப் போகாமல், கேட்டுவிட்டு வருவோம் என்று ஐந்து பேர் வெறுங்கையோடு போனோம். மாதிரிக்கு ஒன்றே ஒன்று. ஒரு பாட்டி அதை வாங்கி விரிக்கக்கூட இல்லை, கையை உள்ளே விட்டு இரண்டு விரலால் கனத்தைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாள்ல காயும்மா?" என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த எங்களுக்குச் சுரீரென்றது. ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டுக்குள் கொடி கட்டித்தான் அவர்கள் துணி காய்கிறது. பஞ்சு வைத்தது நனைந்தால் ஒரு வாரம் ஆனாலும் நாற்றம் போகாது.

திரும்பி வந்து பஞ்சில்லாமல் தைக்க ஆரம்பித்தோம். பழைய வாயல் சேலை இரண்டை மடித்து நாலு மடிப்பாக்கி, மேலே ஒட்டுத்துண்டு, அவ்வளவுதான். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் பஞ்சு வைக்காமல் பழந்துணியிலேயே போர்வை தைக்கிறார்கள், ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், நாலு மூலையிலும் முக்கோணமாகத் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். அந்த முறையைப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டோம். குளிருக்கு ஒன்று போதவில்லை என்றால் இரண்டாகப் போர்த்திக்கொள்ளலாம், தனித்தனியாகக் காயப் போடலாம். டிசம்பருக்குள் இப்படி 15 கொடுத்தோம். ஜனவரியில் மறுபடி போய்ப் பார்த்தபோது பதினைந்தும் படுக்கையில் கிடந்தன, ஒன்றில் கஞ்சிக் கறைகூட இருந்தது, அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

உறுப்பினர்கள் தங்கள் வீட்டுக்கும் சொந்தத்துக்கும் எடுத்துக்கொண்டது 11. இதில் பிறந்த குழந்தைக்கென்று வாங்கிப் போனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தக் கூடாது, முகத்தில் ஏறினால் மூச்சு முட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடலாம். பிறந்த பிள்ளையைப் பெரியவர்கள் கட்டிய பழந்துணியில் கிடத்துவது நம் வழக்கம்தானே, பாட்டி சேலையில் தைத்தால் இன்னும் பொருத்தம்.

எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைப்போம் என்றும் ஒரு யோசனை வந்தது. காட்சிக்கென்றே தைத்தால் சரி. அமெரிக்காவில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக ஆளுக்கொரு துண்டு தைத்துச் சேர்த்து, 1987 அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் 1,920 துண்டுகளை விரித்தார்கள், ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அது தைக்கப்பட்டது. நம் மலையிலேயே தோடர்களின் பூத்துக்குளி என்ற பூத்தையல் போர்வை சடங்குகளுக்குப் போர்த்துவது, இறந்தவர் உடலைச் சுற்றுவதும் அதில்தான். அதற்குப் பூப்போடுகிற கைக்கு அது யாருக்கு, எதற்கு என்பது முதல் ஊசியிலேயே தெரியும். நமக்குத்தான் தெரியாமல் இருந்தது.

ஆகவே பிப்ரவரிக் கூட்டத்தில் தீர்மானித்தபடி, இனி சங்கத் துணியில் தைக்கிற எந்தப் போர்வைக்கும் துணி வெட்டும் முன்பே யாருக்கு என்று நோட்டில் எழுத வேண்டும். ஆள் பெயரோ, "விற்பனைக்கு" என்றோ, "லயன் வீட்டுக்கு" என்றோ இருக்கலாம், காலியாக மட்டும் இருக்கக் கூடாது. அடிப்பக்க மூலையில் தைத்தவர் பெயர், வருஷம், துவைக்கும் முறை மூன்றையும் நூலால் எழுத வேண்டும். இதில் இரண்டு பேருக்கு வருத்தம், மனம் போல் தைக்கிற சுகம் போய்விடும் என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம், அதனால் வருஷத்துக்கு ஆளுக்கு ஒன்று இந்த விதிக்கு வெளியே தைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்திருக்கிறோம்.

இப்போது கையிருப்பில் 11 இருக்கிறது. பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிட்டுப் பழைய வேட்டியில் சுற்றி, வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெயில் பார்த்து விரித்து, வேறு மடிப்பில் மடிக்க வேண்டும், முதல் முறை மே மாதம். பூஞ்சை பிடித்த அந்த நீலக் கட்டத்துப் போர்வையை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய், கெட்டுப்போன சதுரங்களைப் பிரித்து மாற்றிக்கொண்டிருக்கிறார். நோட்டில் அதற்கு நேரே தன் மகள் பெயரை எழுதிவிட்டார். மீதிப் பத்துக்கும் பெயர் வேண்டும், மே முதல் சனிக்கிழமை வரும்போது யோசித்துக்கொண்டு வாருங்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்