நம் சங்கத்தின் ஒயின் அறிமுகத் திட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விருந்தும் கோடைக்கால ஒன்றுகூடலும் வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு உரிய காலங்களில் கூடியது.

இவ்வாண்டின் முதன்மையான பணி, நாம் வாழும் ஜெர்மனியின் ஒயின்களை முறையாக அறிந்துகொள்ளும் திட்டமாகும். ஸ்டுட்கார்ட் நகருக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன; மாநகராட்சிக்கே சொந்தமாக ஒயின் பண்ணை உண்டு. அப்படியிருந்தும் உணவகத்தில் ஒயின் பட்டியலைக் கையில் கொடுத்தால், நம்மில் பலர் பழகிய பிரெஞ்சு அல்லது இத்தாலியப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பட்டியலை மூடிவிடுகிறோம். ஆகவேதான் இத்திட்டத்தைச் செயற்குழுவில் வற்புறுத்தினேன். இதற்கு ஓராண்டு வேண்டுமா என்று அப்போது கேட்டவர்களுக்கு, நடந்த பணியையே விடையாக வைக்கிறேன்.

முதல் சந்திப்பைப் 'பேசன்' ஒன்றில் நடத்தினோம். திராட்சை பயிரிடும் குடும்பம், வாசலில் துடைப்பத்தைத் தொங்கவிட்டு, தன் சொந்த ஒயினையும் எளிய உணவையும் தன் இடத்திலேயே பரிமாறும் கடை இது. ஆண்டில் 4 மாதங்களுக்கு மேல் திறக்கவோ 40 இருக்கைகளுக்கு மேல் போடவோ சட்டம் இடம் தருவதில்லை. இப்பகுதிக்கே உரிய ட்ரொலிங்கர் என்ற மெல்லிய சிவப்பு ஒயினை அறிய இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அடுத்து, குப்பியின் சீட்டைப் படிக்கும் பயிற்சி. கபினெட், ஷ்பேட்லேஸ, ஔஸ்லேஸ ஆகிய தரப் பெயர்கள், பறிக்கும்போது திராட்சைச் சாற்றில் இருந்த சர்க்கரையின் அளவைக் குறிப்பவை. குப்பியில் உள்ள ஒயின் இனிக்குமா என்பதை அவை மட்டும் சொல்வதில்லை. 'ட்ரோக்கன்' என்று அச்சிட்டிருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரையே இருக்கலாம். அச்சொல் இல்லாத, ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் ஆல்கஹால் 8 அல்லது 9 விழுக்காடு என்றிருந்தால், சர்க்கரை முழுவதும் நொதிக்கும் முன்பே நொதித்தலை நிறுத்தியிருக்கிறார்கள், ஆகவே இனிப்பு எஞ்சியிருக்கும் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நம் சமையலுக்கு இத்தகைய கபினெட்டையே நான் பரிந்துரைக்கிறேன்; ஆல்கஹால் மிகுந்த ஒயின் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், இதிலுள்ள இனிப்போ அதைத் தணிக்கும், புளிக்குழம்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பும் இதில் உண்டு. மீன்குழம்போடு சுவைத்துப் பார்த்த உறுப்பினர்கள் இதற்குச் சாட்சி.

மோசல் ஆற்றங்கரையிலுள்ள பீஸ்போர்ட்டுக்குச் சென்ற பயணத்தைப் பற்றி வருத்தத்துடன் எழுதுகிறேன். பகல் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் கற்பலகை மண்ணும், ரோமானியர் காலத்துப் பெரிய திராட்சைப் பிழிசாலையின் எச்சமும் அங்கே காண்பதற்குரியவை. பட்டியலைப் படிப்பவர் அவசியம் அறிய வேண்டிய வேறுபாடும் அங்கேதான் விளங்கும்: பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃசென் என்பது தனித் தோட்டத்தின் பெயர், பீஸ்போர்ட்டர் மிஹெல்ஸ்பெர்க் என்பதோ சுற்றியுள்ள பல ஊர்த் தோட்டங்களுக்குமான பொதுப் பெயர். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டும் ஒரே வடிவில் அச்சானதால், பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்க்கு வேறுபாடு தெரிய வழியில்லாமல் இருந்தது. இவ்வளவையும் பொறுமையாக விளக்க ஒரு குடும்பம் காத்திருந்தது. பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கைக்கேற்பக் குவளைகளை அடுக்கி, குப்பிகளையும் திறந்து வைத்திருந்தார்கள். பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. வர இயலாதவர்கள் முந்தைய நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்குடும்பத்தின் முன் நாம் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டோம். வராதவர்களில் பலர் பயணக் கட்டணத்தை மட்டுமன்றி ஆண்டுச் சந்தாவையும் இன்னும் செலுத்தவில்லை என்பதைப் பதிவு செய்வது என் கடமை.

பேருந்துச் செலவு நீங்கலாக வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. விவரங்கள் பொருளாளரிடம் பார்வைக்குக் கிடைக்கும். தலைவர், பொருளாளர், சமையல் பொறுப்பேற்றவர்கள், மண்டபம் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வூர்ட்ஸ்பூர்க் சென்று, தட்டையான வயிறுடைய போக்ஸ்பாய்டல் குப்பிகளில் வரும் சில்வானர் ஒயினை அறியலாம் என்பது என் விருப்பம். இதைத் தனியொருவராக ஏற்பாடு செய்வது இனி எனக்கு இயலாது. உடன் நிற்க இருவர் முன்வர வேண்டும். நிலுவைச் சந்தாவும் பயண முன்பணமும் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தால் மட்டுமே பேருந்துக்குப் பதிவு செய்வேன்.

இங்ஙனம்,
செயலாளர்