சிவப்பு மையில் அடித்த விடை

புது தில்லி, ஜனவரி 11

சிரஞ்சீவி கண்ணனுக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கு நலம். முழங்கால் வலியோடு அம்மா இன்னமும் மலை மந்திர் படியேறுகிறாள். இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்குவதில்லை என்று, பாத்திரத்துக்கு உன் பழைய பள்ளி ஸ்வெட்டரை மாட்டி, கைகள் இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒரேயொன்றைச் சம்பாதித்துக்கொண்டு லூக்கோனோஸ்டாக் பாக்டீரியா அத்தனை மாவையும் எப்படித்தான் தூக்கி நிறுத்துகிறதோ!

நீ பேசி 19 நாள் ஆகிறது. உன்னைக் கேட்டு ஒருவர் இரண்டு முறை அழைத்தார், பெயர் சொல்லவில்லை. அம்மாவிடம் ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

நான் எழுத வந்தது வேறு. பரணில் உன் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நோட்டு கிடைத்தது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் தசைக்கு ஒரு குளுக்கோஸில் 2 ஏடிபி, இருந்தால் 38 என்று நான் சொல்லித் தந்ததை எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் 'மிச்சம் எங்கே போகிறது?' என்று கேட்டிருக்கிறாய். (அந்த 38 இப்போது 30 அல்லது 32 ஆகிவிட்டது என்று பிற்பாடு என்னைத் திருத்தியவனும் நீதான். அதை ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை.) கீழே விடையையும் நீயே எழுதியிருக்கிறாய்: லாக்டிக் அமிலத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை நான் சிவப்பு மையால் அடித்து, 'கழிவு' என்று எழுதியிருக்கிறேன்.

நீ எழுதியதே சரி. ஒரு மோல் குளுக்கோஸை முழுதாக எரித்தால் 686 கிலோகலோரி வெளிவரும். லாக்டேட்டோடு, அதாவது அந்த லாக்டிக் அமிலத்தோடு, நின்றுவிட்டால் வெளிவருவது ஏறத்தாழ 47 தான். ஆனால் ஒரு மோல் ஏடிபிக்கு 7.3 கிலோகலோரி என்று போட்டுப் பார்த்தால், வெளிவந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இரண்டு வழியிலுமே செல் பிடித்துவிடுகிறது. ஆகவே மூச்சு முட்ட ஓடும் தசை ஊதாரி அல்ல. அவசரத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ரத்தத்தில் அனுப்புகிறது, இதயம் அதை வாங்கி எரிக்கிறது, கல்லீரலோ 6 ஏடிபி செலவழித்து இரண்டு லாக்டேட்டை மறுபடியும் ஒரு குளுக்கோஸாக்கித் தசைக்கே திருப்பித் தருகிறது. தசை 2 சம்பாதிக்க, கல்லீரல் 6 கட்டுகிறது. 1947 இல் நோபல் பரிசு பெற்ற கோரி தம்பதியர் கண்ட சுற்று இது. ஆனால் தசை வெளியே விட்டால்தான் கல்லீரலுக்குத் தெரியும். உள்ளேயே அடக்கி வைத்தால் அமிலம் ஏறும். ஓடி முடித்த பிறகு இதைச் சரிக்கட்ட வாங்கும் கூடுதல் ஆக்சிஜனுக்கு, உடலியல் விஞ்ஞானி ஏ.வி. ஹில் 'ஆக்சிஜன் கடன்' என்று பெயர் வைத்தார். கடன் என்ற சொல்லை வகுப்பில் எத்தனை முறை கூசாமல் சொல்லியிருக்கிறேன்!

அன்று நோட்டைத் திருப்பித் தந்தபோது, இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று அதட்டினேன். உண்மையில் எனக்கு விடை தெரியவில்லை, தெரியாது என்று மகனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு பென்சில் குறிப்பு ஒன்றுகூட இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. பென்ஷன் தவறாமல் வந்துவிடுகிறது. எங்கள் இருவருக்கும் செலவு அதிகமில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்பது வரை போன் என் கையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா